சாது என்று எழுதியிருந்தது

பெட்டியின் மேல்
‘ஏஞ்சல், பெண், சாது’ என்று
விற்றவன் தன் கைப்பட எழுதியிருந்தான்.
மூன்றில் ஒன்றுகூடச் சரியில்லை.
என்னைப் பார்க்க வந்தவர்களிடமும்
சாது என்றே சொல்லியிருந்தார்கள்.

பள்ளத்தூரில் எங்கள் வீட்டுக்குப்
பதினெட்டுப் பங்கு.
என் பங்கில் வருவது
வளவுக்கு மேற்கே ஓர் அறை,
அதற்குள் இன்னோர் அறை.
உள்ளறையில் அவன்.
ஆறடி, ஆஸ்திரேலியச் சாதி, கார்பெட் பைத்தான்.
வனத்துறைச் சான்று கதவுக்குப் பின்னால்
ஆணியில் தொங்குகிறது,
போகாத கல்யாணங்களின் பத்திரிகைகளோடு.

கண்ணாடியைத் துடைத்தாலே
கழுத்தை இரண்டாக மடித்துக்கொள்வான்,
பஸ்ஸில் மீதிச் சில்லறைக்குச்
சண்டைபோட எழுந்தவன்போல.
பிறகு அந்தச் சத்தம்.
சைக்கிள் டியூபில் முள் ஏறிய சத்தம்.

கடித்தால் கையை இழுக்கக் கூடாது.
பல்லெல்லாம் உள்ளே பார்த்து வளைந்தவை,
இழுத்தால் சதையோடு போகும்.
விஷம் கிடையாது, அவசரமும் கிடையாது,
அவனாக விடும்வரை நிற்க வேண்டும்.
முதல்முறை நான்கு நிமிடம் நின்றேன்.
அதுவரை யாருக்காகவும்
அப்படி நான் நின்றதில்லை.

காரைக்குடியில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை.
மூச்சை இழுங்க. பிடிங்க. விடுங்க.
ஒரு நாளில் நாற்பது நெஞ்சுகளுக்குச் சொல்வதை
அந்த நான்கு நிமிடமும்
எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

படைப்புக்குப் பினாங்கிலிருந்தும்
பங்காளிகள் வந்து இறங்கினார்கள்.
ஃப்ரிட்ஜில் மாவுப் பாத்திரத்துக்குக் கீழே
மருந்துக்கடை உறையில் விறைத்த எலிகளை
இன்னும் கீழே தள்ளினேன்.
சீதையயித்தை காதைத் தீட்டினார்.
“உள்ள என்ன ஆத்தா, உஸ்ஸுங்குது?”
“குக்கர்.”
“பூட்டுன வீட்டுக்குள்ளயா?”
“பழசு அயித்தை. வாஷர் போயிருச்சு.”

ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி
எலி வாசம் ஒட்டிய கைத்துண்டை
முழுசாக விழுங்கிவிட்டான்.
தலையணை உறைக்குள் அவனை முடிந்து,
உறையை ஐஸ் பெட்டிக்குள் வைத்து,
ஸ்கூட்டரின் முன்னால் நிறுத்தி,
பதினோரு மணிக்குக் காரைக்குடி.
வாட்ச்மேன் சாத்தையா கேட்டார்,
“மீனாம்மா?” ஆமாம் என்றேன்.

திரையில் விழுந்தான்,
மழையில் மட்டையோடு சாய்ந்த தென்னோலையாக.
விலா, விலா, விலா.
எண்ண ஆரம்பித்து நூற்றுப்பத்தில் விட்டுவிட்டேன்.
கைத்துண்டு மேகம்போல் ஒரு பக்கம் கிடந்தது.
அதற்கும் கீழே
மூன்று முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று
கோணலாக ஒட்டிப்போயிருந்தன.
பழைய முறிவு.
யாரோ, எப்போதோ,
மூடியை வேகமாக மூடியிருக்கிறார்கள்.

இரண்டு வருஷமாக
நான் பிடித்துத் தூக்கியதும்
அதே இடத்தைத்தான்.

மதுரை டாக்டர் போனில் சொன்னபடி
மூன்றாம் நாள் துண்டு வாய்வழியே வந்தது.
அந்த வாடையை எழுத முடியாது.

இப்போது இரண்டு கையால் ஏந்துகிறேன்,
முறிவுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று.
தூக்குமுன் கொக்கியால் மெல்லத் தட்டி
சோறில்லை, நான்தான் என்று சொல்கிறேன்.
திருந்திவிட்டான் என்று நினைக்க வேண்டாம்.
மாதம் நாலு கடி இரண்டாகியிருக்கிறது.
கண்ணில் பால் படரும் சட்டை உரிக்கும் வாரத்தில்
பழைய கணக்கேதான்.
உரித்துப் போடுகிற சட்டையிலும்
அந்த ஓரிடத்தில் செதில்கள்
வரிசை தப்பி நெளிந்திருக்கும்.
நெஞ்சுப்படம் எடுக்க வந்து
மேஜையைத் தட்டிக் கத்துகிறவர்களை
நான் இப்போது அவசரப்படுத்துவதில்லை.
எப்போதும் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

மறுவருஷப் படைப்பில் சீதையயித்தை
என் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்.
பிறைபோல் புள்ளிகள், ஒன்றின் மேல் ஒன்றாக,
புதுசும் பழசும்.
உள்கதவைப் பார்த்தார்.
சந்தனக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.

“வாஷர் இன்னும் மாத்தலையா?”
“அந்த சைஸ் இப்ப வர்றதில்லை அயித்தை.”